‘வா போ’ன்னே கூப்பிடுங்க: தமிழ் டப்பிங் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொரிய, ஜப்பானிய, சீனத் தொடர்களைத் தமிழில் தரும் நிறுவனங்களில், வசனத்தை யார் எழுதுவது, எதைப் பார்த்து எழுதுவது என்று முடிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு ராத்திரி அம்மாவும் நானும் கொரியத் தொடர் ஒன்றைத் தமிழில் பார்த்துக்கொண்டிருந்தோம். (எந்தத் தொடர், எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்ள இதை எழுதவில்லை.) நாயகனும் நாயகியும் ஒரே அலுவலகத்தில் வேலை. ஏழெட்டுப் பகுதி ஓடிவிட்டது. மழை, ஒரு சின்னக் கடை, மேஜையில் சோஜு (கொரியச் சாராயம்) பாட்டில். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “நாம் இனிமேல் வசதியாகப் பேசலாமா?”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏன், இவ்வளவு நாளா நின்னுக்கிட்டா பேசினாங்க?”

நான் சிரித்துவிட்டேன். ஆனால் காட்சி போச்சு. அந்தத் தொடரிலேயே முக்கியமான காட்சி அதுதான்.

கொரிய மொழியில் மரியாதைப் பேச்சுக்கு ஜோன்தேமால் என்று பெயர், உரிமைப் பேச்சுக்கு பன்மால். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வருவதை ‘மால் நோதா’ என்பார்கள். பேச்சைக் கீழே இறக்கி வைப்பது. யார் முதலில் கேட்பது, எப்போது கேட்பது, கேட்டபின் வாய் தவறி மறுபடி மரியாதைக்குத் தாவுவது என்று காதல் கதையில் பாதி இதற்குள்தான் நடக்கும். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான் இருக்கிறது. அதனால் ஆங்கில வசனவரி (சப்டைட்டில்) எழுதுகிறவர் ‘வசதியாக’, ‘இயல்பாக’ என்று ஏதோ ஒப்பேற்றுகிறார். அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு என்ன வந்தது? “வாங்க போங்கன்னு கூப்பிடாதீங்க, வா போன்னே கூப்பிடுங்க.” கல்லூரி விடுதியில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், நிச்சயமானபின் போனில் இதைச் சொல்லாத, கேட்காத ஆள் உண்டா?

இன்னும் மோசம், அந்த டப்பிங்கில் இருவரும் முதல் பகுதியிலிருந்தே நீ, வா, போ என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் மருமகள் மாமியாரையே ‘நீ’ என்றாள். ஏற்கெனவே தரையில் கிடக்கிற பேச்சை இனி எங்கே இறக்கி வைப்பது?

காரணம் உங்களுக்கும் தெரியும். மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வருவது அபூர்வம். நடுவில் ஆங்கில வசனம் ஒன்று தயாராகும். அதை வைத்துத்தான் பல மொழிகளிலும் எழுதுகிறார்கள். ‘யூ’ என்று வந்து சேர்வதை நீ என்பதா நீங்கள் என்பதா என்று தமிழ் எழுதுகிறவர் குத்துமதிப்பாக முடிவு செய்ய வேண்டியதுதான்.

2021-ல் வந்த ஸ்க்விட் கேம் என்ற கொரியத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தோற்றால் உயிர் போகும் ஆட்டங்கள். அலி என்கிற பாகிஸ்தான் தொழிலாளி, கூட ஆடும் சங்வூவை ‘சாஜங்நிம்’ என்று கூப்பிடுவான். முதலாளி. வேலை கொடுத்தவர்களையெல்லாம் அப்படிக் கூப்பிட்டுப் பழகிய வாய். அப்புறம் சங்வூ, முதலாளி வேண்டாம், ‘ஹ்யங்’ என்று கூப்பிடு என்பான். ஓர் ஆண் தன் மூத்தவனை அழைக்கும் சொல் அது. அதாவது, அண்ணன். கோலிக்குண்டு ஆட்டத்தில் அவனை ஏமாற்றிச் சாகவிடுவது இந்த அண்ணன்தான். ஆங்கில வசனவரியில் அந்த உறவுச்சொல் வெறும் பெயராகச் சுருங்கியது என்று அப்போதே பலர் வருத்தப்பட்டு எழுதினார்கள். தமிழில் ‘முதலாளி’யிலிருந்து ‘அண்ணே’வுக்கு வர ஒரு நொடி போதும், விளக்கமே தேவையில்லை. ஓப்பா (பெண் அழைக்கும் அண்ணன்), ஊன்னி (பெண் அழைக்கும் அக்கா), நூனா (ஆண் அழைக்கும் அக்கா) என்பவையும் இப்படித்தான். கணவனை ‘யோபோ’ என்பாள் மனைவி. நம் வீட்டு ‘என்னங்க’ அதற்காகவே செய்தது போல இருக்கும். பெண்களைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து ‘இன்னார் அம்மா’ என்று அழைப்பது அங்கேயும் உண்டு.

(கொரியமும் திராவிட மொழிகளும் உறவா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே இரண்டின் இலக்கணத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அவர்களும் அப்பாவை ‘அப்பா’ என்று கூப்பிடும்போது அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும்.)

இன்னொன்று, வாக்கிய அமைப்பு. கொரியம், ஜப்பானியம் இரண்டிலும் வினை கடைசியில்தான் வரும், ஜப்பானியத்தில் ‘இல்லை’ என்பதும் கடைசியில்தான். “எனக்கு உன்னைப் பிடிக்க…” என்று இழுத்து நிறுத்தினால், பிடிக்குமா பிடிக்காதா என்று தமிழ்க் காதும் காத்திருக்கும். ஆங்கிலத்தில் ‘இல்லை’ முன்னாலேயே வந்து குட்டை உடைத்துவிடும். அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் எழுதினால், சும்மா கிடைத்ததையும் தொலைக்கிறோம்.

எனக்கு இதெல்லாம் எப்படிக் கண்ணில் பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நான் ராத்திரியில் ரசிகர் புனைவு (பிடித்த தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதுகிறவள். 2019-ல் வந்த 50 பகுதி சீனத் தொடர் தி அன்டேம்ட் பார்த்தபின் தொடங்கிய பழக்கம். மூல நாவல் இரண்டு ஆண்களின் காதல் கதை. திரையில் அதை வெளிப்படையாகக் காட்ட அங்கே அனுமதியில்லை. அதனால் காதல் பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஊரே மரியாதையாக ‘லான் வாங்ஜி’ என்றோ ‘ஹான்குவாங்-ஜுன்’ என்ற பட்டத்தாலோ அழைக்கும் ஒருவனை, இன்னொரு நாயகன் வெய் வூஷியன் மட்டும் ‘லான் ஜான்’ என்று பிறந்தபோது வைத்த பெயரால் கூப்பிடுவான். அவன் பதிலுக்கு ‘வெய் யிங்’ என்பான். முத்தம் வேண்டாம், இது போதும்.

ஆங்கிலத்தில் எழுதும் ரசிகர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ‘ஷிஜியே’ என்ற சொல்லை அவர்கள் ‘சிஸ்டர்’ ஆக்குவதில்லை, அப்படியே வைத்துக்கொண்டு கதையின் கடைசியில் பொருள் தருகிறார்கள். ஒரே குருவிடம் படித்த மூத்தவள், தாமரைக்கிழங்கும் எலும்பும் போட்டு சூப் வைத்துத் தருகிறவள். நம் அக்காதான், அதற்கு மேலும் கொஞ்சம். இப்படிப்பட்ட கதைகள் குவிந்திருக்கும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற இணையதளம் 2009-ல் ரசிகர்களே கட்டியது, 2019-ல் அதற்கு அறிபுனைக்கான ஹியூகோ விருதும் கிடைத்தது. காசு வாங்காமல் எழுதுகிறவர்கள் ஒரு விளிச்சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

எல்லாம் சுலபம் என்று சொல்ல வரவில்லை. 2016-ல் வந்த ‘கிமி நோ நா வா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தில், பையன் உடம்புக்குள் புகுந்த பெண் தன்னை ‘வதாஷி’ (பையன்கள் சாதாரணமாகச் சொல்லாத ‘நான்’) என்று சொல்லிவிட்டு, நண்பர்கள் முழிப்பதைப் பார்த்து வதாகுஷி, போக்கு, ஓரே என்று ‘நான்’ என்பதற்கான வேறு சொற்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பாள். நமக்கு ‘நான்’ ஒன்றுதான். நானாக இருந்தால் ‘நான்’ மேல் கையே வைக்கமாட்டேன். நண்பனை ‘டீ’ என்று கூப்பிட வைத்து, ‘ப்பா’ என்று சமாளிக்க வைத்து, கடைசியில் ‘டா’வில் கொண்டுபோய் நிறுத்துவேன். உதட்டசைவுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். இதைவிட நல்ல யோசனை உங்கள் எழுத்தாளரிடம் இருக்கலாம், மூலத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்கு யாராவது சொன்னால்.

சொல்ல ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கொரிய நிறுவனமான ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கி 25 ஆண்டுக்கு மேலாகிறது. சென்னையில் இன்கோ சென்டரில் கொரியமும், ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாயில் ஜப்பானியமும் சொல்லித் தருகிறார்கள். படித்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு தொடருக்கும் மூலமொழி தெரிந்த ஒருவரை எழுத்தாளர் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார் யாரை என்னவென்று அழைக்கிறார்கள், எந்தப் பகுதியில் அது மாறுகிறது என்று ஒரு பக்க அட்டவணை, முதல் வசனம் எழுதும் முன்பே அவர் கையில் இருக்கட்டும். அந்த ஒரு பக்கத்துக்கும் கூலி கொடுங்கள். எழுதியவர்கள் பெயரைக் கடைசியில் போடுங்கள், நாங்கள் படிப்போம்.

அதுவரை எங்கள் வீட்டில் கொரிய ஒலிதான். அம்மாவுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்கிறேன். புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறோம், நாலாவது பகுதி. நாயகி அவனை இன்னும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறாள். “எப்போடீ வா போன்னு கூப்பிடுவா?” என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகை