சுட்ஜா வழியா போன கேஸ்

ஆசிரியருக்கு வணக்கம்,

போர்னு வந்துட்டா ரெண்டு நாட்டுக்கும் நடுவுல கொடுக்கல் வாங்கல் அத்தோட சரிங்கற மாதிரி தலையங்கத்துல எழுதியிருந்தீங்க, படிச்சதும் எனக்கு சுட்ஜாதான் ஞாபகம் வந்துச்சு. ரஷ்யாவுல கூர்ஸ்க் பக்கம், எல்லைய ஒட்டின சின்ன ஊரு. சைபீரியாலேர்ந்து உக்ரைன் வழியா ஐரோப்பா போன கேஸ, அதாவது இயற்கை எரிவாயுவ, எல்லைகிட்ட அளந்து விட்ட ஸ்டேஷன் அங்கதான் இருந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல உக்ரைன் படை உள்ள புகுந்து அந்த ஊரையே புடிச்சிருச்சு, ஸ்டேஷனும் அவங்க கைக்கு போயிருச்சு. அப்பவும் கேஸ் நிக்கல சார். மேல ட்ரோனும் குண்டுமா பறக்குது, கீழ தினமும் சுமார் 4 கோடி கன மீட்டர் ரஷ்ய கேஸ் உக்ரைன் குழாய்க்குள்ள போயிட்டே இருக்கு.

ஏன்னா 2019 டிசம்பர்ல ரஷ்ய அரசு கேஸ் கம்பெனி காஸ்ப்ரோமும் உக்ரைன் அரசு கேஸ் கம்பெனி நாஃப்டோகாஸும் போட்ட 5 வருஷ அக்ரிமென்ட் அப்ப உயிரோட இருந்துச்சு. உக்ரைனுக்கு வழிக்கூலியா வருஷத்துக்கு 80 கோடி டாலர் கிட்ட, மாஸ்கோவுக்கு அத விட பல மடங்கு. குழாய மூடினா ஸ்லோவாக்கியா மாதிரி நாடுங்க கோச்சுக்கும், அதுவும் ஒரு பக்கம். இதுல ஒரு கூத்து என்னன்னா 2015 நவம்பர்லயே உக்ரைன் ரஷ்யாகிட்ட நேரா கேஸ் வாங்கறத நிறுத்திட்டு ஸ்லோவாக்கியா மாதிரி ஐரோப்பா நாடுங்க பக்கத்துலேர்ந்து வாங்கிச்சு, பில்லுல ஐரோப்பா கேஸ், எரியறது பெரும்பாலும் அதே ரஷ்ய கேஸ்தான்.

பொருளாதார தடையும் அப்படித்தான். 2022 டிசம்பர்ல ஜி7 நாடுங்க ரஷ்ய கச்சா எண்ணெய்க்கு பேரல் 60 டாலர்னு உச்சவரம்பு வச்சாங்களே, அது எண்ணெய நிறுத்தறதுக்கு இல்ல. எண்ணெய் மார்க்கெட்டுக்கு வரணும், ரஷ்யாவுக்கு லாபம் மட்டும் குறையணும், அவ்ளோதான் கணக்கு. எண்ணெய் யாரு கப்பல்லயோ ஏறி இந்தியா சீனான்னு சுத்துச்சு, அதுல கொஞ்சம் இங்க ரிஃபைனரில டீசலாகி மறுபடி ஐரோப்பாவுக்கே போச்சு. சுட்ஜா குழாயும் சும்மா ஆள் இல்ல, அது கட்டும்போதே 1982ல அமெரிக்க ஜனாதிபதி ரீகன் தடை போட்டு நிறுத்த பாத்தாரு, அவரோட கூட்டாளி பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரே ஒத்துக்கல, நவம்பர்ல ரீகன் தடைய வாபஸ் வாங்கிட்டாரு.

கடைசில குழாய நிறுத்தினது குண்டும் இல்ல தடையும் இல்ல, காலண்டர். அக்ரிமென்ட் முடிஞ்சுது, புதுப்பிக்க மாட்டேன்னு உக்ரைன் சொல்லிருச்சு, 2025 ஜனவரி 1 காலைல கேஸ் கட். மொதல்ல குளிர்ல நடுங்கினது சண்டை போட்டவங்க யாரும் இல்ல, மால்டோவாலேர்ந்து பிரிஞ்சு நிக்கற டிரான்ஸ்னிஸ்ட்ரியா ஜனங்க, அன்னைக்கே வீடுங்கள்ல ஹீட்டர் சுடுதண்ணி எல்லாம் நின்னுருச்சு. அதுக்கப்புறம் மார்ச்ல ரஷ்ய சிப்பாய்ங்க அதே காலி குழாய்க்குள்ள பல கிலோமீட்டர் குனிஞ்சு நடந்து, சுட்ஜா பக்கத்துல உக்ரைன் படைக்கு பின்னாடி வெளிய வந்தாங்க.

அடுத்த தடவ எழுதும்போது இந்த ஊரையும் ஒரு வரி சேத்துக்குங்க சார்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்