மீன்தொட்டிச் செடியின் நோயை இலையே சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறிய மீன்தொட்டியில் செடி வளரவில்லை என்று கடையில் முறையிட்டால், விளக்கு நேரத்தைக் கூட்டச் சொல்லும் வழக்கம் இங்கே இருக்கிறது. அதை நம்பி, என் 30 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 12 மணி நேரம் விளக்கெரித்தேன்; கண்ணாடி முழுதும் பாசி படர்ந்ததே தவிர, செடி ஓர் இலைகூட விடவில்லை. 7 மணி நேரமாகக் குறைத்த பிறகுதான் இலைகளை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளித்தால் நைட்ரஜன் குறைவு என்றும், அவற்றில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் குறைவு என்றும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கப் புதுத்தளிர் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். ஏனெனில் முதலிரண்டையும் செடி பழைய இலையிலிருந்து தளிருக்கு மாற்றிக்கொள்ளும், இரும்பை அவ்வாறு எளிதில் நகர்த்த அதனால் இயலாது.

அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் தடித்த தண்டை மணலில் புதைத்து அழுகவிட்டது என் சொந்தப் பிழை. அதை நூலால் கல்லில் கட்டுவதே முறை. கிரிப்டோகொரைன் என்ற இன்னொரு நீர்ச்செடி இடம் மாறியதும் இலைகளையெல்லாம் இழந்தது கண்டு, அவசரப்பட்டுப் பிடுங்கி எறிந்தேன்; வேரை விட்டுவைத்திருந்தால் சில வாரங்களில் துளிர்த்திருக்கும்.

கழித்த செடிகளை ஓடையிலோ உம்கேனி ஆற்றிலோ கொட்டவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆகாயத்தாமரை அங்கே படுத்தும் பாட்டை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.