வேலி எதற்கு என்று கேட்டீர்களே, பெரியப்பா

ஹைமா, ஓமன்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் பெரியம்மாவும் நலம்தானே? "பாலைவனத்து மிருகத்தைப் பாலைவனத்திலேயே விடுவதற்கு வேலி எதுக்குடா?" என்று போனில் கேட்டீர்கள். நாலு வார்த்தையில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட அந்த மிருகத்தின் பெயர் அரேபிய ஓரிக்ஸ். மான் போலத் தெரிந்தாலும் மாட்டுக் குடும்பம்தான். வெள்ளை உடம்பு, நேராக நீண்ட இரண்டு கொம்பு. காட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தை 1972-இல் வேட்டைக்காரர்கள் தீர்த்துக்கட்டியது இந்த ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியில்தான். 1960-களிலேயே சிலவற்றை அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோய்ப் பெருக்கியதால் வித்து தப்பியது. 1982 ஜனவரி கடைசியில் இங்கே யலூனியில் 10 உருப்படிகளைத் திறந்துவிட்டார்கள். குளம் குட்டை எதுவும் இல்லாத இடம். கடலிலிருந்து வரும் மூடுபனி புல்லிலும் வேலமரத்திலும் படியும். அந்த ஈரத்தோடு மேய்ந்தே பிழைத்துக்கொள்ளும்.

கேட்டைத் திறப்பது கடைசி வேலை. அதற்கு முன் ஆண், பெண், கன்று சேர்த்து மந்தை கட்டி, பெரிய அடைப்பில் மாதக்கணக்கில் விட்டு, யார் பெரியவன் என்ற சண்டை ஓய வேண்டும். ஓயாமல் விட்டால் மந்தை ஆளுக்கொரு திசையாகச் சிதறும். காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். குதிரைமசால் தீவனத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துக் காய்ந்த புல்லுக்குப் பழக்க வேண்டும். சட்டென்று மாற்றினால் கழிச்சலும் வயிற்று உப்புசமும்தான், உங்களுக்குத் தெரியாததா.

உயிர் போகும் ஆபத்து அதிகம், இடம் மாற்றுவதற்காகப் பிடிக்கும்போதுதான். குளிர்காலத்தில், விடிகாலையில் மட்டும் பிடிக்க வேண்டும். துரத்தல் சில நிமிடங்களில் முடிய வேண்டும். வெயிலில் ஓடவிட்டால் உடம்பு சூடேறித் தசை சிதையும், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். அன்று நன்றாக நிற்பது மறுநாளோ மூன்றாம் நாளோ பின்னங்கால் இழுத்து விழும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். அப்புறம் மருந்து கொடுத்தும் பெரிதாகப் பயனில்லை. பிடித்ததும் இரண்டு கொம்பிலும் ஹோஸ் பைப் துண்டைச் செருகி டேப் சுற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் நிற்பதையோ ஆளையோ குத்திவிடும். மரப்பெட்டி திரும்ப முடியாத அகலத்தில், உள்ளே இருட்டாக, மேலே காற்றுத் துளையோடு இருக்க வேண்டும். அகலமாக இருந்தால் உடம்பைத் திருப்ப முயன்று கழுத்தை முறித்துக்கொள்ளும்.

இப்போது வேலிக்கு வருகிறேன். ஓமனில் முதலில் சரணாலயத்தைச் சுற்றி வேலியே போடவில்லை. 1996-க்குள் 400-க்கு மேல் பெருகின. அதன் பிறகு திருட்டு. கொல்வதற்கல்ல; தனியார் பண்ணைகளுக்கு விற்க உயிரோடு பிடித்தார்கள், அதிலும் பெட்டையாகப் பார்த்து. கிடா மட்டும் மிஞ்சினால் மந்தை எப்படிப் பெருகும்? 2007-இல் சுமார் 65 இருந்தன, ஈனக்கூடிய ஜோடி நான்குதான். சரணாலயத்தின் பரப்பையும் அரசு 90 சதவீதம் குறைத்தது. யுனெஸ்கோ அந்த வருஷமே உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. பட்டியலிலிருந்து போன முதல் இடம் இதுதான்.

சவூதியில் மஹாஸத் அஸ் ஸைத் என்ற இடத்தில் 2,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டு 1990-இல் விட்டார்கள். திருடன் வரவில்லை, வறட்சி வந்தது. எங்கோ மழை பெய்தால் அந்தத் திசைக்கு நடந்துவிடும் மிருகம் அது. வேலி தடுத்ததால் தீவனமின்றி நூற்றுக்கணக்கில் செத்தன. தண்ணீரும் புல்லும் வைத்தாலும் சிக்கல்தான்: எல்லாம் அங்கேயே சுற்றி நின்று, சுற்றுவட்டாரப் புல்லை வேரோடு தின்றுவிடும்.

என்னைக் கேட்டால், இன்றைய நிலையில் வேலி வேண்டும். ஆனால் மழை எங்கே பெய்தது, உள்ளே எத்தனை தாங்கும் என்று கணக்குப் பார்த்து, மிஞ்சியதை வறட்சிக்கு முன்பே வேறிடம் மாற்றிவிட வேண்டும். காவலுக்கு ஹராசிஸ் பழங்குடி ஆட்களே சரி. டயர் தடத்தைப் பார்த்தே வெளியாள் வண்டியா, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள்.

சிவப்பிக்கு எப்போது கன்று போடும் நாள்? பெரியம்மாவை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்