காங்கேசன்துறையில் சில மணி நேரம்

அன்புள்ள சிவா,

பதில் போடாததற்குத் திட்டி முடித்துவிட்டாயா? சரி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. இப்போது பேப்பரை வரி விடாமல் படித்து எங்களுக்கும் ஒப்பிக்கிறாள்.

விஷயம் என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் உன் ஊர்ப் பக்கம் போய்விட்டு வந்தேன். அதுவும் சொகுசுக் கப்பலில்! சிரிக்காதே, எல்லாம் ஜம்புவின் ஏற்பாடு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் விட்ட நாள்முதல் நச்சரித்தான். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, திரும்பச் சென்னை. வீட்டு வாசலில் ஆட்டோ ஏறித் துறைமுகத்தில் இறங்கி, பெட்டியைக் கொடுத்து, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கினால் வெளிநாட்டுப் பயணம். மீனம்பாக்கத்தைவிட எவ்வளவோ மேல் என்றுதான் சொல்வேன்.

1984இல் நீ தலைமன்னாரிலிருந்து ஏறி வந்த ராமானுஜம் கப்பலை நினைத்துக்கொள்ளாதே. இது பதினொரு மாடி. நீச்சல் குளம், பாட்டு, நாள் முழுக்கச் சாப்பாடு. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் தாண்டினால்தான் காசினோவைத் திறக்கிறார்கள். எல்லை எப்போது வரும் என்று கேட்கத்தான் ஜம்பு கடல் பக்கமே திரும்பினான்.

காங்கேசன்துறையில் பாதிப் பேர் இறங்கவே இல்லை. நான் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். சிமெண்ட் ஆலையைக் காட்டினார்கள், 1990இல் நின்றது நின்றதுதான். கீரிமலைக் கேணியில் குளிக்கக்கூட நேரமில்லை. நல்ல தண்ணீர் ஊற்று, சுவருக்கு அந்தப் பக்கம் கடல். நீ சொன்னபோது யார் நம்பினோம்? வழிகாட்டி நகுலேஸ்வரம் கோயிலின் பெருமையெல்லாம் சொன்னார். அந்த வட்டாரம் முழுக்கப் போர்க்காலத்தில் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்ததைச் சொல்லவில்லை. உன் அம்மா அடுப்பில் சோற்றை வைத்தபடி விட்டு ஓடியது இங்கிருந்துதானே? என் பின்சீட்டில் ஒருவர் ‘பார்க்க ஒன்றுமே இல்லை’ என்று குறைப்பட்டுக்கொண்டு வந்தார். எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததே பெரிது.

உங்கள் மயிலிட்டிக்கு விடமுடியுமா என்று டிரைவரிடம் கேட்டேன். ‘அங்காலை போக நேரம் காணாது ஐயா’ என்றார். துறைமுகத்தை 2017இல் விடுவித்தார்கள், மீன்பிடிப் படகுகள் திரும்ப வந்துவிட்டன என்றார். உங்கள் வீட்டுத் தெருவைப் பற்றிக் கேட்டதற்கு, சில காணிகள் இன்னும் ராணுவத்திடம் இருப்பதாகச் சொன்னார். உன் வீடு அதில் சேர்த்தியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? சாயங்காலத்துக்குள் கப்பலுக்குத் திரும்பியாகவேண்டும் என்று எங்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். இரவு மேல்தளத்தில் டி.ஜே. பாட்டு. நான் கேபினில் படுத்துவிட்டேன்.

ஒரு ஊரைப் பார்க்க இது வழியே இல்லை, சிவா. கப்பலைப் பார்க்கத்தான் கப்பலில் போகவேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் படகு விட்டிருக்கிறார்கள், நாலு மணி நேரம்தான். டொரொண்டோவிலிருந்து நீ சென்னைக்கு வா, சேர்ந்து போவோம். தங்கித் தேடுவோம். வீட்டின் உறுதிப் பத்திரத்தின் நகல் உன் அக்காவிடம் இருக்கிறதென்றாயே, அதை இப்போதே வாங்கி வை. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வராதே, அலை அதிகமென்று படகை நிறுத்திவிடுகிறார்கள். மாசியில் லீவு கிடைக்குமா?

அன்புடன்,
மூர்த்தி