பொன்னாடைக்கு முன்னால் ஒரு கேள்வி

அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பொங்கல் விழாவுக்கு வழக்கம்போல உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரை அழைப்பீர்கள். வருவார், குத்துவிளக்கு ஏற்றுவார், தட்டுத்தடுமாறி "வணக்கம்" சொல்லிக் கைதட்டு வாங்குவார். பொன்னாடை, போட்டோ, அப்புறம் கிளம்பிவிடுவார். போவதற்குள் அவரிடம் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: "அமைதிக்கென்று தனித் துறை அமைக்கும் மசோதாவை ஆதரிப்பீர்களா?"

மசோதா புதிதல்ல. ஒஹாயோ மாநிலத்து காங்கிரஸ் உறுப்பினர் டென்னிஸ் குசினிச் 2001 ஜூலையில் கொண்டுவந்தார். இரண்டே மாதத்தில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன; அமைதி என்று வாயைத் திறந்தாலே முறைத்தார்கள். அந்தச் செப்டம்பரில் படை அனுப்பும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுக்கக் கீழவையில் 420 பேர் கை தூக்க, ஒற்றை ஆளாக எதிர்த்தவர் கலிபோர்னியா உறுப்பினர் பார்பரா லீ. பின்னாளில் அமைதித் துறை மசோதாவைத் தூக்கிச் சுமந்தவரும் அவர்தான். ஒரு தடவைகூட அது வாக்கெடுப்புவரை வரவில்லை.

யோசனை அதைவிடப் பழையது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1793லேயே அமைதிக்கு ஓர் அலுவலகம் கேட்டார். போர்த்துறையின் வாசலில் 'விதவைகளையும் அனாதைகளையும் உண்டாக்கும் அலுவலகம்' என்று பலகை மாட்டச் சொன்ன மனுஷர். ஈழத்திலிருந்து வந்து உங்கள் விழாக்களில் பின்வரிசையில் உட்காருபவர்களுக்கு அந்தப் பலகையை விளக்கத் தேவையில்லை.

"நாங்கள் லாப நோக்கற்ற அமைப்பு, அரசியல் கூடாது" என்பீர்கள். எங்கள் ஊர்ச் சங்கத்திலும் இதையே சொன்னார்கள். நம் போன்ற லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 501 சி 3 வரி விதி தடுப்பது வேட்பாளருக்கு வேலை செய்வதை. ஒரு மசோதாவுக்காக ஓரளவு பேச அதில் இடம் உண்டு. உங்கள் கணக்காளரையே கேளுங்கள்.

போன கோடையில் நாங்கள் நான்கு பேர் தொகுதி அலுவலகத்துக்குப் போனோம். கல்லூரி முடித்த கையோடு வேலைக்கு வந்த ஒரு பையன் எதிரே உட்கார்ந்தான். முதல் கேள்வி, "ஜிப் கோடு (அஞ்சல் குறியீடு) என்ன?" தொகுதி ஆட்கள்தானா என்று பார்க்கத்தான். நால்வரும் சொன்னோம், எழுதிக்கொண்டான். பள்ளிகளில் நடக்கும் வன்முறை, வீட்டுக்குள் விழும் அடி, வெளிநாட்டில் போர் மூளுமுன் தடுப்பது எல்லாம் இந்தத் துறையின் வேலை என்று விளக்கினோம். பேனாவை வைத்துவிட்டு, "இதைப் பற்றி இங்கே வந்து பேசுவது நீங்கள்தான் முதல்" என்றான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நாலு ஜிப் கோடு அந்த நோட்டில் ஏறிவிட்டது. நம் பக்கம் வேலை நடப்பது அப்படித்தான்.

கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் தயங்குவது புரிகிறது. அவர்களை இழுக்க வேண்டாம். குடியுரிமை வாங்கிப் பத்து வருடமானவர்கள் மேடையேறிக் கேட்கட்டும்.

"யோசிக்கிறேன்" என்றால் எப்போது பதில் சொல்வார் என்று தேதி வாங்குங்கள். "ஆதரிக்கிறேன்" என்றால் இரண்டு பொன்னாடையாகப் போர்த்துங்கள். இரண்டாவதற்குக் காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்