பில்லில் 'வளர்ப்பு முத்து' என்றே எழுதுங்கள்

தி.நகர், சௌகார்பேட்டை, என்.எஸ்.சி. போஸ் ரோடு நகைக்கடை அண்ணாச்சிகளுக்கும் சேட்டுகளுக்கும் வணக்கம்.

போன ஆவணியில் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஒரு முத்துமாலை வாங்கினோம். கடைப் பெயர் வேண்டாம். "தூத்துக்குடி கடல்ல தானா விளைஞ்சது மேடம், வளர்ப்பு முத்தெல்லாம் நாங்க வைக்கிறதே இல்ல" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. பில்லில் 'முத்துமாலை 1' என்று மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்து ஒரு முத்தின் துளைக்குள் பார்த்தேன். மேலே பளபளப்பான மெல்லிய அடுக்கு, அதற்கடியில் வளையமாக ஒரு கறுப்புக் கோடு, உள்ளே மங்கலான வெள்ளை மணி. சிப்பிக்குள் மனுஷர் மணி வைத்து வளர்த்த முத்து. நல்ல முத்துதான், அதில் குறையே இல்லை. அந்தத் தம்பி சொன்ன பொய்தான் உறுத்துகிறது.

மன்னார் வளைகுடா முத்துப்பார்களில் (முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில்) 1961-க்கு அப்புறம் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. இது அங்கே பிறந்த எனக்குத் தெரியும், விற்கிறவருக்குத் தெரியாதா?

சரி, வளர்ப்பு என்று சொல்வதில் அப்படியென்ன கூச்சம்? என் சித்தப்பா ஒரு முத்துப் பண்ணையில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் அங்கே போய் நின்று பார்த்திருக்கிறேன். மென்தால் கலந்த கடல்நீரில் சிப்பியைப் போட்டால் மயங்கித் தானாகவே வாய் திறக்கும். மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு சின்ன ஆப்பு. பிறகு ஸ்டாண்டில் பூட்டி, அதன் சதைக்காலின் அடியில் ஒரு கீறல். இதற்காக இன்னொரு சிப்பியைக் கொன்று, ஓட்டை ஒட்டிக் கிடக்கும் ஓரச்சதையை நாடாவாக வெட்டி, மிளகளவுகூட இல்லாத சதுரங்களாக நறுக்கி வைத்திருப்பார்கள். அதில் ஒரு துண்டும், ஆற்று மட்டியின் கெட்டி ஓட்டில் கடைந்தெடுத்த ஒரு மணியும் உள்ளே போகும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து மட்டிக்குத்தான் அதில் பேர். இரண்டும் தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும், அதுதான் கைப்பக்குவம். தொட்டால் துண்டு வளர்ந்து மணியைப் பையாக மூடி, முத்துப்பூச்சை அடுக்கடுக்காகச் சுரக்கும். தொடாவிட்டால் மணி மணியாகவே கிடக்கும். (சுவாதி நட்சத்திரத்து மழைத்துளிதான் முத்தாகிறது என்று ஆச்சி சொன்னதை அன்றைக்குத்தான் நம்பாமல் போனேன்.)

அதோடு முடியாது. கூண்டில் அடுக்கி, தெப்பத்தில் கட்டிக் கடலில் தொங்கவிடுவார்கள். ஓட்டில் கொட்டலசு என்ற குட்டிக் கடற்பூச்சி கெட்டியாக ஒட்டும், பாசி பிடிக்கும். சித்தப்பா வேலையே அதைச் சுரண்டுவதுதான். அவர் விரல் நுனியில் தோல் இருந்து நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அப்புறம் சில சிப்பி மணியைத் துப்பிவிடும், சில செத்துவிடும். தப்பியதிலும் உருண்டையாக, மாசில்லாமல் வருவது கொஞ்சம்தான். அவசரப்பட்டுச் சீக்கிரம் எடுத்தால் மேலடுக்கு மெலிந்துபோய், நாலு வருஷத்தில் உரிந்து வரும்.

ஜப்பானில் மிகிமோட்டோ 1893-ல் ஓட்டோடு ஒட்டி வளரும் அரைமுத்து வளர்த்துக் காட்டினார். நம் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி 1973-ல் உருண்டை முத்தே வளர்த்தார். பெருமையாகச் சொல்லி விற்கலாமே!

தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை இருக்கிறது, முத்துக்கு அப்படி ஒன்று இல்லை. உங்கள் வாயும் உங்கள் பில்லும்தான் எங்களுக்கு ஆதாரம். அதனால் பில்லில் ஒரு வரி சேருங்கள்: இயற்கையா வளர்ப்பா, கடலா நன்னீரா, சாயம் ஏற்றியதா. கடலா நன்னீரா என்பதை விடவே விடாதீர்கள். சீனாவிலிருந்து வரும் நன்னீர் முத்தில் பெரும்பாலும் மணியே வைப்பதில்லை, ஒரே மட்டியில் டஜன் கணக்கில் எடுப்பார்கள். ஒரு சிப்பிக்கு ஒன்றோ இரண்டோ வரும் கடல் முத்தின் விலையை அதற்குக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

மாலையை நான் திருப்பித் தரப்போவதில்லை, பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்த ஒரு வரியை எழுதிச் சீல் வைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர்