இரண்டு மிஸ்டு கால்

ரங்கூன்
17-12-2024

அன்புக் கூட்டாளி,

இங்கே எல்லோரும் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டும் அவிழ்த்தாயிற்று என்று உன் மகள் சொன்னாள், மனசு நிம்மதியானது. ஆனால் டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்ன ஆள் ஞாயிறு நடுராத்திரி வரை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். என் ஃபோனுக்கு வந்த இரண்டு மிஸ்டு கால் அதற்குச் சாட்சி. திட்டி எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அந்த இரண்டாவது மிஸ்டு கால் இல்லாவிட்டால் நான் பார்த்ததை என் ஆயுசில் பார்த்திருக்க மாட்டேன். அதை முழுசாக எழுதித் தீர்க்கத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிறன்று நம்ம மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் டெர்பி, ஒரே ஊர்க் கால்பந்து அணிகளின் மோதல். ஆட்டம் உங்களுக்கு இரவு பத்துக்கு, எங்களுக்குப் பதினொன்றுக்கு. கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கிற ராத்திரி, வெளியே முழு நிலா. பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. மாடி வீட்டுப் பையன் தன் ஃபோனையும் ஒரு பேட்டரியையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். அரிசி டின்னில் ஃபோனைச் சாய்த்து வைத்து நானும் அவனும் அவன் அப்பாவும் பார்த்தோம். இரண்டு வருஷம் முன்பு இதே கூடத்தில் பெரிய ஆட்டம் என்றால் உட்கார இடம் இருக்காது. பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்த பிறகு தெருவில் வாலிபப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ஒருவன் பாங்காக்கில், இருவர் கோலாலம்பூரில். அவர்கள் அங்கிருந்து பார்த்திருப்பார்கள். அதற்கு மேல் இதை எழுத வேண்டாம்.

மாடிப் பையன் சிட்டி கட்சி என்பது உனக்குத் தெரியும். நல்ல பிள்ளை, வீம்பு அதிகம். நெட்டில் படம் ஓடுவதால் எங்களுக்கு எல்லாமே உன்னைவிட முக்கால் நிமிஷம் பிந்தித்தான் வரும்.

முதல் பாதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் பயந்து பயந்து ஆடினார்கள். நம்ம மேசன் மவுன்ட் கால் மணி நேரத்துக்குள் அடிபட்டு வெளியே போனதுதான் சேதி. மைனூ உள்ளே வந்தான், ப்ரூனோ ஒரு படி முன்னே போனார். 36ஆம் நிமிடம் சிட்டிக்குக் கார்னர். அதைச் சின்னதாகத் தட்டிக் கொடுத்து, டி புருய்ன உள்ளே தூக்கிப் போட்டபோது பந்து நம்ம அமாத் மேல் பட்டு எகிறியது, க்வார்டியோல் தலையால் முட்டிக் கோலாக்கிவிட்டான். நம் கோல்கீப்பர் ஒனானாவைக் குறை சொன்னார் மாடி வீட்டு அப்பா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு வருஷம் கோல் காத்தவன் சொல்கிறேன்: பாதி வழியில் திசை மாறுகிற பந்துக்குக் கோல்கீப்பரால் ஒன்றும் செய்ய முடியாது. கால் ஒரு பக்கம் எடை போட்டுவிடும், உடம்பு திரும்பாது.

இனி நம் புதுக் கோச் அமொரிம் பற்றிய சண்டைக்கு வருகிறேன். நாட்டிங்காம் ஃபாரஸ்டிடம் 3-2 தோற்ற மறுநாள் நீ ஃபோனில் என்ன சொன்னாய்? “மூணு டிஃபென்டரை நிக்க வெக்கிறவன் பயந்தாங்கொள்ளி, அமொரிம் நம்ம டீமைக் கெடுக்க வந்திருக்கான்” என்றாய். டெர்பிக்கு ராஷ்ஃபோர்டையும் கர்னாச்சோவையும் கூட்டிக்கொண்டே போகவில்லை என்று தெரிந்ததும் இன்னும் கொதித்திருப்பாய். ராஷ்ஃபோர்ட் விஷயம் எனக்கும் வலித்தது. அவன் அந்த ஊர்ப் பிள்ளை, மான்செஸ்டரிலேயே பிறந்து சின்ன வயசிலிருந்து அந்தச் சட்டை போட்டவன். டெர்பி அன்றைக்கு அவனை வீட்டில் விடுவது பெற்ற பிள்ளையைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைக்காத மாதிரி. ஆனாலும் அமொரிம் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பந்தைப் பறிகொடுத்தால் திரும்ப ஓடி வருகிறவனுக்குத்தான் இந்த அமைப்பில் இடம். ஞாயிறு அன்று அமாத் ஓடியதைப் பார்த்த பிறகு இதை யாரும் மறுக்க முடியாது.

இரண்டாம் பாதியில் அமாத் ஒரு தடவை தலையால் அடித்ததை சிட்டி கோல்கீப்பர் எடர்சன் பிடித்தார். ப்ரூனோ தனியாக ஓடிப்போய் எடர்சன் தலைக்கு மேல் தூக்கியது வெளியே போனது. அப்போது மாடிப் பையன் கை தட்டினான், எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. அவ்வளவுதான், கை நழுவிப் போச்சு என்றுதான் நினைத்தேன்.

88ஆம் நிமிடம். சிட்டியின் இடது பின்வரிசையில் நின்ற நூனெஸ் எடர்சனுக்கு ஒரு பேக் பாஸ் போட்டான். பலம் போதவில்லை. அமாத் பாய்ந்து அதை எடுத்தான், நூனெஸ் பதறிப்போய் அவனை வாரிவிட்டான், பெனால்ட்டி. எங்கள் படத்தில் ப்ரூனோ பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருக்கிறார், அதற்குள் கோல் விழுந்துவிட்டது என்று உன் முதல் மிஸ்டு கால். 1-1.

மாடிப் பையன் ஆட்டம் முடிந்ததும் சொன்னது இதுதான்: “தாத்தா, நீங்க ஜெயிக்கல, நாங்க தூக்கிக் கொடுத்தோம். நூனெஸ் மிட்ஃபீல்டு ஆளு, அவனைக் கொண்டுபோய் லெஃப்ட் பேக்கில போட்டா இதுதான் நடக்கும். ரோட்ரி இருந்தா இந்த நிலைமை வருமா?” அவன் சொல்வதில் பாதி நிஜம். செப்டம்பரில் ரோட்ரிக்கு முழங்கால் போனதிலிருந்தே சிட்டியின் நடுப்பகுதிக்குக் காவல் இல்லை. இந்த ஆட்டத்தோடு சேர்த்து பதினோரு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி அவர்களுக்கு. இடம் மாறி நிற்கிறவன் தப்பு பண்ணுவான் என்பதும் சரிதான். ஆனால் தப்பு நடக்கிற இடத்தில் நம் ஆள் ஒருவன் இருக்க வேண்டுமே! 88 நிமிஷம் ஓடிக் களைத்த பிறகும் எதிரியின் பேக் பாஸ் ஒவ்வொன்றையும் துரத்துகிறவன் எத்தனை பேர்? நூறு தடவை ஓடினால் தொண்ணூற்றொன்பது தடவை பந்து கோல்கீப்பர் கையில் இருக்கும். அந்த நூறாவது தடவைக்காக ஓட மனசு வேண்டும்.

இப்போது இரண்டாவது மிஸ்டு கால். எங்கள் படத்தில் பந்து இன்னும் நம் பாதியில் கிடக்கிறது, ஃபோன் மணி அடித்து நின்றது. நீ சிட்டி கோலுக்கு மணி அடிக்க மாட்டாய். ஆக, இன்னும் சில நொடியில் நாம் கோல் போடப் போகிறோம் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அறுபத்தைந்து வருஷமாக ஆட்டம் பார்க்கிறேன், எப்போதும் கண் பந்தின் பின்னாலேயே போகும். கோல் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதற்குள் கோல் விழுந்திருக்கும். அன்றைக்குத்தான் பந்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தேன்.

மார்ட்டினெஸ் நம் மூன்று டிஃபென்டர்களில் இடது ஓரத்து ஆள். பந்து அவன் இடது காலடியில். அவனை நெருங்க யாரும் இல்லை, நிதானமாகத் தலையைத் தூக்கிப் பார்த்தான். கூட்டாளி, அந்தத் தலை தூக்கல்தான் நீ பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொன்ன மூன்றாவது டிஃபென்டருக்குக் கிடைத்த பலன். பின்னால் இரண்டே பேர் இருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்காது. சிட்டி ஆட்கள் வழக்கம்போல மேலேறி நிற்கிறார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் வயல் மாதிரி வெற்றிடம். அமாத் அதே பக்கம், அதே நூனெஸுக்கும் க்வார்டியோலுக்கும் நடுவே கிளம்பிவிட்டான். பாஸ் வானத்தில் வளைந்து வந்தபோது எடர்சன் வெளியே ஓடி வந்தார். அமாத் ஒரே தொடுதலில் அவரைத் தாண்டிப் பந்தைத் தூக்கினான், அது கோட்டோரம் உருண்டது, இடுக்கான கோணத்திலிருந்து உள்ளே தள்ளினான். 2-1.

எடர்சனுக்காக எனக்கு வருத்தம்தான். கோல்கீப்பருக்கு இரண்டே வழி: முழுசாக வா, இல்லை கோட்டிலேயே நில். அவர் வர முடிவெடுத்து வந்தார், ஆனால் அமாத் அரை அடி முந்திவிட்டான். அந்த அரை அடியை அளக்க இருபது வருஷப் பயிற்சியும் போதாது.

ஆக, என் தீர்ப்பு இது. இரண்டு கோலும் ஒரே வாய்க்காலில் வந்தன. அது தற்செயல் இல்லை. அமாத்தைக் கோட்டோரம் ஒட்டவிடாமல் உள்ளே இழுத்து ஆடவைத்தது அமொரிம் திட்டம். பந்தைத் துரத்தியது அமாத்தின் குணம். நூனெஸ் அங்கே நின்றது சிட்டி கோச் கார்டியோலாவின் இக்கட்டு. ஆனால் முதல் எண்பது நிமிஷம் நாம் நன்றாக ஆடினோம் என்று நான் சொல்ல மாட்டேன். முன்வரிசையில் ஹொய்லண்ட் தனிமரமாக நின்றான், அவனுக்குப் பந்து கொண்டுபோக ஆளில்லை. இது சரியாகாவிட்டால் இந்த வெற்றி ஒரு ராத்திரிச் சந்தோஷமாக நின்றுவிடும். இன்னும் நாம் பட்டியலில் பாதிக்குக் கீழேதான் கிடக்கிறோம்.

நூனெஸின் அந்தப் பேக் பாஸைப் பார்த்ததும் எனக்கு யார் நினைவு வந்தது தெரியுமா? நீதான். 1963 மழைக்காலம், பள்ளிக்கூடத்துப் பின்பக்கத் திடல், கணுக்கால் வரை தண்ணீர். பெரிய வகுப்புப் பசங்களோடு ஆட்டம். அவர்கள் பின்வரிசைக்காரன் கோல்கீப்பருக்குத் தட்டிய பந்து சேற்றில் பொதுக்கென்று நின்றுவிட்டது. எல்லோரும் இடுப்பில் கைவைத்து நிற்க, நீ மட்டும் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பாதி மைதானத்திலிருந்து ஓடினாய். எதிர்முனைக் கோலில் நின்ற எனக்கு உன் குதிகாலிலிருந்து தெறித்த செம்மண் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. அடுத்த வருஷம் கடைகளெல்லாம் அரசாங்கத்திடம் போய், உங்கள் குடும்பம் கப்பல் ஏறியது. அறுபது வருஷம் ஆகிவிட்டது. 1966இல் பாங்காக்கில் ஈரானை 1-0 என்று ஜெயித்து பர்மா ஆசியத் தங்கம் வாங்கிய சேதி ரேடியோவில் வந்தபோது தெருவே ஆடியது. பக்கத்தில் நீ இல்லாமல் நான் கொண்டாடிய முதல் வெற்றி அது.

அமாத்துக்கும் காத்திருந்துதான் இது கிடைத்தது. 2021 ஜனவரியில் இத்தாலியின் அட்டலாண்டா அணியிலிருந்து வந்தான். ரேஞ்சர்ஸ், சண்டர்லாண்ட் என்று இரவல் கொடுத்தார்கள். இந்த மார்ச்சில் லிவர்பூலை 4-3 வென்ற கப் ஆட்டத்தில் கடைசி மூச்சில் கோல் போட்டு, சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றி வெளியேற்றப்பட்டானே, அதே பிள்ளை. வயசு இருபத்திரண்டுதான்.

இதை உன் பேரனிடம் சொல். வியாசர்பாடித் திடலில் ரைட் விங் ஆடுகிறான், பந்து வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்று எழுதியிருந்தாய். அவனுக்கு அமாத்தைக் காட்டு. வெளிநாட்டுப் பிள்ளை எதற்கு என்று கேட்டால் நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகரைக் காட்டு. 2023 ஆகஸ்டில் கொல்கத்தா டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக 60ஆம் நிமிடம் அவன் போட்ட ஒற்றைக் கோலில்தான் ஈஸ்ட் பெங்கால் நாலரை வருஷத்துக்குப் பிறகு ஜெயித்தது. அந்த ஆட்டத்தைத் தேடி எடுத்துப் பேரனும் நீயும் சேர்ந்து பாருங்கள்.

ஆட்டம் முடிய ஒரு மணி. தூக்கம் வரவில்லை. விடியற்காலை குளித்துவிட்டு காளி கோயிலுக்குப் போய் மார்கழி முதல் நாள் பூசை பார்த்துவிட்டு, வழியில் ஒரு கிண்ணம் மோஹிங்கா, நம்ம மீன் குழம்பு நூடுல்ஸ், சாப்பிட்டு வந்தேன். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி குளிரில் கொஞ்சம் கூடுதல், மற்றபடி சுகம். நாளை சென்னைக்குப் புறப்படும் ஒரு அம்மாவிடம் இந்தக் கடிதத்தையும் ஊறுகாய்த் தேயிலை இரண்டு பொட்டலமும் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று உன் மகளுக்கு. நிலக்கடலையும் பூண்டும் வறுத்துப் போட்டுப் பிசையச் சொல். அங்கே கிடைக்கிற பர்மா நூடுல்ஸ் அத்தோவோடு சாப்பிட்டால் நன்றாக இருக்கும்.

வியாழன் இரவு டாட்டன்ஹாமோடு கப் ஆட்டம். உங்களுக்கு ஒன்றரை மணி, எங்களுக்கு இரண்டரை. கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டு, சாய்ந்து படுத்தபடி பார். நாம் கோல் போட்டால் உடனே மிஸ்டு கால் கொடு. மாடிப் பையன் “முன்னாலேயே தெரிஞ்சா என்ன தாத்தா ருசி” என்கிறான். எனக்கு இன்னொரு தடவை பந்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க வேண்டும்.

என்றும் உன்
பழைய கோல்கீப்பர்